எழுத்தை நம்பி இறங்கினோம்

மேடு என்று சொல்லத்தக்க மேடு எமது மட்டக்களப்பு நாட்டிலே மிகக் குறைவு. கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடி வரையில் மோட்டார் வண்டியில் சென்றால் இடப்புறத்திலே கடல், வலப்புறத்திலே வாவி, நடுவே தட்டையான மணல் நிலம். வண்டி ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் பாலங்களில் மாத்திரமே. ஆதலால் மலைநாட்டுச் சாரதிகளிடம் ஊறிக் கிடக்கும் ஒரு பழக்கம் எம்மவரிடம் அத்துணை வேரூன்றவில்லை. வண்டியை நிறுத்தியதும் கைப்பிரேக்கை இழுப்பதும், இறங்கியதும் சில்லுக்குக் கல் வைப்பதுமே அப்பழக்கம். நிறுத்திய இடத்தில் நிற்கும் வண்டியைக் கண்டே பழகியவர்கள் நாம்.

ஆயினும் நேயர்கள் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். இத்தட்டை நிலத்திலே எங்கேனும் ஒரு சரிவு உண்டாயின் அதன் அடியிலே பெரும்பாலும் நீர் இருக்கும். கல்லடியில் 2013 ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட புதிய பாலத்தின் இரு முனைகளும் அவ்வாறே. 2014 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தின் முனைகளும் அவ்வாறே. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான எமது வாவியின் இரு கரைகளிலும் உள்ள தோணித் துறைகள், பாதைத் துறைகள் யாவும் நீரை நோக்கிச் சரிந்தவையே. சரிவு குறைவு, ஆனால் உள்ள சரிவெல்லாம் நீரிலேதான் முடிகின்றது. இவ்வுண்மையை நாம் ஒரு நாள் எமது குடும்பத்தோடு சென்று கற்றுக்கொண்டோம். அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

குருமண்வெளித் துறையிலே

2018 ஆம் ஆண்டு ஆவணி மாதம். சின்னக் கதிர்காமம் என்று எம்மவர் போற்றும் மண்டூர்க் கந்தசுவாமி கோயிலில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. எமது தாயாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. பூசகர் வாயைத் துணியாற் கட்டி மௌனமாய்ப் பூசை செய்யும் அச்சந்நிதியை ஆண்டுக்கு ஒரு முறையேனும் காணாவிட்டால் அவருக்கு உறக்கம் வருவதில்லை. எழுவான்கரையிலிருந்து மண்டூருக்குச் செல்வோர் களுவாஞ்சிக்குடியை அடுத்த குருமண்வெளித் துறையிலே 'பாதை' ஏறி வாவியைக் கடப்பது வழக்கம். பிற ஊரார் இதனைப் படித்து வியத்தல் வேண்டா. எமது பகுதியிலே பாதை என்றால் நிலத்தில் உள்ள வழி மாத்திரம் அன்று. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவைக்கும் அதுவே பெயர்.

எமது வண்டி ஜப்பானிலே செய்யப்பட்ட ஒரு சிறு கார். ஓட்டோமற்றிக் கியர் உடையது. எமக்கு முன்னர் வேறொருவர் கையில் இருந்து வந்தது. அதனைச் செலுத்தியவர் படுவான்கரையைச் சேர்ந்த ஓர் இளைஞர். இரண்டு ஆண்டுகளாக எம்மிடம் பணி புரிந்தவர்; பேச்சிலும் பழக்கத்திலும் குறை காணமுடியாதவர்.

நாம் துறையை அடைந்தபோது பாதை அக்கரையில் நின்றது. சரிவு தொடங்கும் இடத்தில், ஒரு மரநிழலிலே இளைஞர் காரை நிறுத்தினார். கியர்க் கோலை முன்னே தள்ளி, இயந்திரத்தை நிறுத்தி, திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வரிசை எவ்வளவு என்று விசாரிக்க இறங்கினார். எமது மனைவியாரும் மகளும் நீரைப் பார்க்க இறங்கினர். நாம் இளநீர் வாங்கப் போனோம். தாயார் மாத்திரம் மடியிலே அருச்சனைத் தட்டத்தை வைத்துக்கொண்டு பின் ஆசனத்தில் இருந்தார். கார் அசையாமல் நின்றது. மகள் கடைசியாக இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள். அந்தச் சிறு அதிர்வே போதுமானதாயிற்று.

முதலிற் கேட்டது சரளைக்கல் நெரியும் ஓசை. திரும்பிப் பார்த்தோம். சாரதி ஆசனம் வெறுமையாய் இருக்க, கார் தானாகவே நீரை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. துறையின் அடியிலே பாதைக்குக் காத்து நின்ற சனங்கள் இரு பக்கமும் சிதறினர். கையில் இருந்த இளநீர் எங்கே விழுந்தது என்று எமக்குத் தெரியாது. ஓடினோம், ஆயின் ஓடுகின்ற காரை மனிதன் பிடித்து நிறுத்தல் ஆகுமா? வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர்தாம், தோணியை ஏற்றி வைப்பதற்காகக் கிடந்த தென்னங்குற்றி ஒன்றை உருட்டி முன்சில்லின் எதிரே தள்ளினார். கார் அதன்மீது ஏற முயன்று, பக்கவாட்டிலே திரும்பி, முன்சில்லுகள் இரண்டும் நீரில் அமிழ்ந்த நிலையில் நின்றுவிட்டது.

கதவைத் திறந்தோம். தட்டத்தில் இருந்த பூக்களிற் சில சிதறியிருந்தன. தாயார் எம்மை நிமிர்ந்து பார்த்து, "என்ன மகன், பாதையில ஏத்தியாச்சா?" என்று கேட்டார். கார் பாதையில் ஏறுகின்றது என்றே அவர் எண்ணியிருக்கின்றார். அந்தக் கேள்வியை எண்ணி எம் வீட்டார் பின்னாளிலே பலமுறை சிரித்ததுண்டு. அன்று எவரும் சிரிக்கவில்லை.

குற்றம் யாருடையது?

அச்சம் அடங்கியதும் கோபம் பிறந்தது. கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டுமன்றோ? அத்தனை சனங்களுக்கும் முன்னிலையிலே அவ்விளைஞரை நாம் ஏசினோம். "கியரைச் சரியாகப் போடாமல் இறங்குவதா? ஓர் உயிர் போயிருந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்டோம். அவர் கையை விரித்துக் காட்டினார். "நான் பீக்குப் போட்டுத்தான் ஐயா இறங்கின நான். இந்தா, திறப்பு கையில இருக்கு பாருங்க. பீக்குப் போகாட்டி திறப்புக் கழராது ஐயா" என்றார்.

ஓட்டோமற்றிக் காரின் கியர்க் கோலின் அருகே ஆங்கில எழுத்துகள் சில பொறிக்கப்பட்டிருக்கும். வண்டியை நிறுத்தி வைப்பதற்கு 'பீ'. பின்னோக்கிச் செல்ல 'ஆர்'. எப்பக்கமும் பிடியாத நிலைக்கு 'என்'. முன்னோக்கிச் செல்ல 'டீ'. நாம் குனிந்து பார்த்தோம். கோல் 'பீ' என்ற எழுத்திலேதான் நின்றது. அதனைக் கண்ணாற் கண்ட பின்னரும் நாம் நம்பினோமில்லை. ஓடிவந்த பதற்றத்தில் அவரே பின்னர் அதனைத் தள்ளியிருப்பார் என்று கூறினோம். மனிதன் தனக்கு வேண்டிய தீர்ப்பைக் கண்முன் உள்ள சான்றைக் கொண்டும் மாற்றிக்கொள்வதில்லை. மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. நாமும் அழைத்து ஆள் அனுப்பவில்லை.

உழவு இயந்திரம் ஒன்றினால் இழுத்துக் காரைக் கரையேற்றினோம். அது இயங்க மறுத்தது. நீர் புகுந்ததே காரணம் என்று கருதினோம். கராஜிலே முதிய மெக்கானிக் ஒருவர் காரின் அடியிலே படுத்துச் சிறிது நேரம் விளக்குப் பிடித்துப் பார்த்தார். எழுந்து வந்து உள்ளங்கையை விரித்தார். கொட்டைப்பாக்கிலும் சிறிய, மஞ்சள் படிந்த பிளாத்திக்குத் துண்டுகள் மூன்று அதிலே கிடந்தன. "புஷ் வெடிச்சுப் போய்க் கிடக்கு ஐயா. கேபிள் கழண்டு தொங்குது. இந்தக் கோலை நீங்க எங்க தள்ளினாலும் கீழ ஒண்டும் நடக்காது. ஓட்டினவர்ல பிழை இல்ல" என்றார்.

நாம் ஒன்றும் பேசவில்லை. ஏனெனில் அந்த விபத்துக்கு மூன்று கிழமைகளுக்கு முன்னர் அவ்விளைஞர் எம்மிடம் வந்து, கியர்க் கோல் முன்போல் இறுக்கமாக இல்லை என்றும், இரு தடவை கார் இயங்க மறுத்துக் கோலை ஆட்டிய பின்னரே இயங்கியது என்றும் கூறியிருந்தார். "மண்டூர்த் திருவிழா முடியட்டும், பார்க்கலாம்" என்பது எமது விடை.

எழுத்து ஓரிடம், கியர் ஓரிடம்

அந்த மெக்கானிக் எமக்கு விளக்கியவற்றையும், பின்னர் நாம் படித்து அறிந்தவற்றையும் நேயர்களுக்குச் சுருங்கக் கூறுவோம். காரோட்டும் பலரும் அறியாத செய்தி இது.

கையால் நாம் தள்ளும் கியர்க் கோல் கியர்ப் பெட்டியைத் தொடுவதே இல்லை. கோலின் அடியிலிருந்து ஒரு கேபிள் புறப்பட்டு, காரின் அடிப்புறமாகச் சென்று, கியர்ப் பெட்டியின் பக்கத்தில் உள்ள ஒரு சிறு கரத்தை இழுக்கவும் தள்ளவும் செய்கின்றது. அக்கரத்தின் முனையிலே உருண்டையான ஓர் ஆணித்தலை உண்டு. கேபிளின் நுனியை அந்த ஆணித்தலையோடு கவ்வி வைத்திருப்பது பிளாத்திக்கினால் அல்லது றப்பரினால் ஆன ஒரு சிறு புஷ். ஒரு தொன் நிறையுள்ள வண்டியின் நிலையை, ஒரு விரலின் மூட்டளவுகூட இல்லாத அந்தப் பொருளே தாங்கி நிற்கின்றது.

கோல் 'பீ' நிலைக்குச் சென்றால், கேபிள் அக்கரத்தைத் தள்ள, கியர்ப் பெட்டியின் உள்ளே உருக்கினால் ஆன ஒரு பல் விழுந்து, சுழலும் தண்டோடு கூடிய சக்கரத்தின் வெட்டிலே பொருந்தும். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது போன்றது இது. தாழ்ப்பாள் விழுந்தால் சில்லுகள் உருளா. புஷ் உடைந்து கேபிள் கழன்றுவிட்டாலோ, மேலே கோல் 'பீ'யில் நிற்கும். கீழே கியர்ப் பெட்டி முன்பிருந்த 'டீ'யிலேயே நிற்கும். இயந்திரம் நின்றதும் 'டீ'யில் உள்ள ஓட்டோமற்றிக் கியர்ப் பெட்டி சில்லுகளைப் பிடித்து வைப்பதில்லை. ஆகவே கார் தள்ளுவண்டிக்குச் சமமாகிவிடும்.

எமது கார் ஏன் மீண்டும் இயங்கவில்லை என்பதும் இதனால் விளங்கும். கியர்ப் பெட்டி 'பீ'யில் அல்லது 'என்'னில் இருந்தாலன்றி இயந்திரம் தொடங்காது. நீரின்மீது நாம் பழி சுமத்தினோம், நீர் குற்றமற்றது. அவ்விளைஞர் கையிலே திறப்பு எவ்வாறு வந்தது என்பதும் விளங்கும். திறப்பை விடுவிக்கும் பூட்டு மேலே உள்ள கோலைப் பார்க்கின்றதேயன்றிக் கீழே உள்ள பெட்டியைப் பார்ப்பதில்லை. எமது காரின் முகப்பிலே ஒளிரும் எழுத்து மாத்திரம் கியர்ப் பெட்டியிலிருந்து வருவது. ஆனால் திறப்பைத் திருப்பியதும் அவ்வெழுத்து அணைந்துவிடும். உண்மை சொல்லும் எழுத்து அணைந்துபோக, உண்மையற்ற எழுத்து மாத்திரம் எஞ்சி நின்றது.

கடல் கடந்த நாடுகளில்

இது எமக்கு மாத்திரம் நேர்ந்த துன்பம் என்று எண்ணியிருந்தோம். பின்னர் தேடிப் படித்தபோது, பெரிய நாடுகளிலும் இதே கதை பலமுறை நடந்திருப்பதை அறிந்தோம்.

ஐக்கிய அமெரிக்காவிலே போர்ட் நிறுவனத்தின் கார்கள் சில, 'பீ'யில் நிறுத்தப்பட்ட பின்னர் தாமாகவே பின்னோக்கி ஓடுகின்றன என்று 1970 ஆம் ஆண்டுகளிலே ஆயிரக்கணக்கான முறைப்பாடுகள் எழுந்தன. கோல் 'பீ'க்கும் 'ஆர்'க்கும் இடையிலே நின்று, இயந்திரத்தின் அதிர்வினால் 'ஆர்'க்கு வழுவுகின்றது என்பதே குற்றச்சாட்டு. சாரதிகள் கோலை முற்றாகத் தள்ளாமையே காரணம் என்பது நிறுவனத்தாரின் நிலைப்பாடு. 1980 ஆம் ஆண்டு இறுதியில் ஓர் இணக்கம் ஏற்பட்டது. கார்களைத் திருப்பி அழைத்துத் திருத்துவதற்குப் பதிலாக, ஏறத்தாழ 2 கோடி 30 இலட்சம் உரிமையாளருக்கு ஓர் எச்சரிக்கைச் சீட்டு அனுப்பப்பட்டது. காரின் முகப்பிலே ஒட்டிவைத்து, கோலை நன்கு தள்ளுக, கைப்பிரேக்கை இழுக்குக, இயந்திரத்தை நிறுத்துக என்று சாரதிக்கு நினைவூட்டும் சீட்டு அது. கோளாறு காரிலே, சீட்டோ சாரதிக்கு.

2016 ஆம் ஆண்டிலே வேறொரு வகைக் கோளாறு உலகின் கவனத்தை ஈர்த்தது. பியட் கிறைஸ்லர் நிறுவனத்தார் தம் கார்கள் சிலவற்றில் புதுவகைக் கியர்க் கோல் ஒன்றைப் பொருத்தியிருந்தனர். எந்நிலைக்குத் தள்ளினாலும், கையை எடுத்ததும் அது நடுவிடத்துக்கே திரும்பிவிடும். ஆகவே கோல் நிற்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்துக் கியரை அறிய வழியில்லை. எழுத்தைப் பார்த்தே அறியவேண்டும். 'பீ'யில் போட்டுவிட்டோம் என்று எண்ணி இறங்கியோர் பலர் தம் காரினாலேயே மோதுண்டனர். 2016 ஏப்ரல் மாதம், உலகெங்கும் ஏறத்தாழ 11 இலட்சம் கார்கள் திருப்பி அழைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஆயினும் திருத்தம் செய்வதற்கான ஏற்பாடு உடனடியாக ஆயத்தமாகவில்லை. அவ்வாண்டு ஜூன் 19 ஆம் நாள் லொஸ் ஏஞ்செல்ஸ் நகரிலே, 27 வயதே நிரம்பிய திரைப்பட நடிகர் அன்ரன் யெல்ச்சின் தம் வீட்டு வாயிற் சரிவிலே உருண்டு வந்த தமது ஜீப் வண்டியினால் மதிற்றூணோடு நெரிக்கப்பட்டு உயிர் நீத்தார். திருப்பி அழைக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது அவருடைய வண்டி. இறங்கக் கதவைத் திறந்தால் கியர் தானாகவே 'பீ'க்கு மாறும்படியான திருத்தம் அதன் பின்னரே பரவலாகச் செய்யப்பட்டது.

எமது அனுபவத்தை அப்படியே ஒத்த செய்தியை 2022 ஆம் ஆண்டிலே படித்தோம். போர்ட் நிறுவனம் அவ்வாண்டு ஜூன் மாதம் அமெரிக்காவிலே ஏறத்தாழ 29 இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. காரணம், கேபிளின் நுனியில் உள்ள அந்தப் புஷ்! அது சிதைந்து கழன்றுவிட்டால் கோல் ஓரிடமும் கியர் ஓரிடமுமாக நிற்கும். 'பீ'யில் போட்டுத் திறப்பை எடுத்த பின்னரும் வண்டி உருளக்கூடும். சாரதிக்கு எவ்வித எச்சரிக்கையும் கிடையாது. வெப்பமும் ஈரப்பதமும் அப்பொருளை நாளடைவில் நலியச் செய்கின்றன என்பதும் அந்நிறுவனத்தின் ஆராய்ச்சியிலே தெரியவந்தது. வெப்பமும் ஈரமும்! ஒரு புறம் கடலும் மறு புறம் வாவியுமாக வாழும் எமக்கு இதைவிட வேறு என்ன எச்சரிக்கை வேண்டும்?

எம்மை வந்தடையாத கடிதம்

குறையுள்ள வாகனத்தைத் திருப்பி அழைக்கும் முறை ஜப்பானிலே 1969 ஆம் ஆண்டு தொடக்கம் இருந்துவருகின்றது. குறை தெரிந்ததும் நிறுவனம் அரசுக்கு அறிவித்து, உரிமையாளருக்குக் கடிதம் எழுதி, கட்டணமின்றித் திருத்திக் கொடுத்தல் வேண்டும். இம்முறையும் மனிதரின் நேர்மையை நம்பியே நடக்கின்றது. மிற்சுபிசி நிறுவனத்தார் பொதுமக்களின் முறைப்பாடுகளை இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரசுக்கு மறைத்து வந்தனர் என்பது 2000 ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. 2002 ஆம் ஆண்டு யொக்கோகாமா நகரிலே அவர்களின் லொறி ஒன்றின் சில்லுக் கழன்று ஓடி, வீதியிலே சென்ற இளந்தாய் ஒருவரின் உயிரைக் கவர்ந்தது. பராமரிப்புக் குறைவே காரணம் என்றுதான் முதலிலே கூறப்பட்டது. செய்த பொருளிலேயே குறை இருந்தது என்று 2004 ஆம் ஆண்டிலே ஒப்புக்கொள்ளப்பட்டது. ஓட்டியவன் பிழை, பேணாதவன் பிழை என்பதே எங்கும் முதல் விடையாய் இருத்தலை நேயர்கள் கவனிப்பாராக.

எமது காரை விற்றவர்களிடம் நாமும் உடைந்த துண்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர்கள் அவற்றைத் தொடவும் இல்லை. "ஓட்டத் தெரியாதவர்களிடம் காரைக் கொடுத்தால் இப்படித்தான்" என்று கூறி எம்மை அனுப்பிவிட்டனர். படி இறங்கி வரும்போதுதான், இதே சொற்களைத் துறையிலே நாம் அவ்விளைஞரைப் பார்த்துக் கூறியதை நினைத்துக்கொண்டோம்.

இனி, எமது நிலையைப் பாருங்கள். இலங்கையிலே ஓடும் கார்களிலும் வான்களிலும் பல, ஜப்பானில் ஒருவர் பாவித்த பின்னர் கப்பலேறி வந்தவை, இங்கும் கைமாறியவை. அங்கே எழுதப்படும் கடிதம் அங்குள்ள பழைய உரிமையாளரையே தேடிச் செல்லும். படுவான்கரையில் உள்ள ஒரு கமக்காரரின் வாயிலுக்கு அக்கடிதத்தைக் கொண்டுவர எந்தத் தபாற்காரனும் இல்லை. மேலும், 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் தொடங்கிற்று. இடைப்பட்ட காலமெல்லாம் இருந்த வாகனங்களே முதுமையடைந்து ஓடின. அவற்றோடு அவற்றின் அடியில் உள்ள புஷ்களும் முதுமையடைந்தன.

அயல்நாடான இந்தியாவிலே, குறையுள்ள வாகனங்களைத் திருப்பி அழைக்குமாறு ஆணையிடும் அதிகாரம் 2019 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தினால் மத்திய அரசுக்கு வழங்கப்பட்டது. எமது நாட்டிலே 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை உண்டு. பொருளை விற்றவரோடு பிணக்கு உள்ளோர் அச்சபைக்கு எழுத்து மூலம் முறையிடலாம். உடைந்த உறுப்பையும், பற்றுச் சீட்டையும், மெக்கானிக்கின் குறிப்பையும் எறிந்துவிடாமல் வைத்திருத்தல் நன்று. நாம் அத்துண்டுகள் மூன்றையும் ஒரு சிறு போத்தலில் இட்டு வைத்திருக்கின்றோம்.

செய்யத்தக்கவை

பெரிய காரியங்களை அரசும் நிறுவனங்களும் செய்யட்டும். குடும்பத்தோடு காரில் செல்லும் எவரும் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, நிறுத்தும் ஒழுங்கு. காற் பிரேக்கை மிதித்தபடியே கைப்பிரேக்கை முற்றாக இழுக்கவேண்டும். அதன் பின்னரே கோலை 'பீ'க்குத் தள்ளவேண்டும். முகப்பில் ஒளிரும் எழுத்தும் 'பீ' என்று காட்டுகின்றதா என்று ஒரு கணம் பார்த்து, காற் பிரேக்கைச் சற்றே தளர்த்தி வண்டி அசையாதிருப்பதை உறுதி செய்தபின் இயந்திரத்தை நிறுத்தவேண்டும். கைப்பிரேக் கியர்ப் பெட்டியைச் சாராமல் நேரே சில்லைப் பிடிப்பது. ஆகவே ஒன்று கைவிட்டாலும் மற்றது காக்கும். எமது இளைஞர் அன்று கைப்பிரேக்கை இழுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் இழுக்குமாறு நாம் ஒரு நாளும் அவருக்குக் கூறியதில்லை. எமது கையில் கார் இருந்த நாள்களில் நாமும் இழுத்ததில்லை.

இரண்டாவது, சரிவிலே நிறுத்த நேர்ந்தால் சில்லுக்குக் கட்டை வைத்தல். பாதைத் துறையிலும் பாலத்தடியிலும் இதற்கு வெட்கப்படல் வேண்டா. கட்டை வைக்கும்வரை காரினுள்ளே குழந்தைகளையும் முதியோரையும் தனியே விட்டு இறங்கலாகாது; காரின் முன்னும் பின்னும் எவரும் நிற்கலாகாது.

மூன்றாவது, காரின் மொழியைக் கேட்டல். கோல் வழக்கத்தினும் தளர்ந்து ஆடினாலும், முகப்பு எழுத்தும் கோலின் எழுத்தும் மாறுபட்டாலும், 'பீ'யில் இருக்கும்போது கார் இயங்க மறுத்து, கோலை ஆட்டியபின் இயங்கினாலும் அன்றே கராஜுக்குச் செல்லவேண்டும். திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போடலாகாது. கேபிளின் நுனியைப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் பெயர் குறித்துக் கேளுங்கள். அது சில நிமிட வேலை.

நான்காவது, வாகனத்தின் சேசிஸ் இலக்கத்தைக் குறித்து வைத்தல். ஜப்பானிய நிறுவனங்கள் அவ்விலக்கத்தைக் கொண்டு, திருப்பி அழைக்கப்பட்ட வாகனமா என்பதைத் தத்தம் இணையத்தளங்களிலே பார்க்க வசதி செய்திருக்கின்றன. வீட்டிலே படிக்கும் பிள்ளைகள் இதனைப் பெற்றோருக்குச் செய்து கொடுக்கலாம். பழைய காரை வாங்குவோர் விலை பேசுமுன் இதனைச் செய்வது இன்னும் நன்று.

ஐந்தாவது, தெரிந்ததை அயலவருக்குச் சொல்லுதல். எமக்குக் கடிதம் வராது. ஆகையால் நாமே ஒருவருக்கொருவர் கடிதமாய் இருத்தல் வேண்டும். அதே வகைக் காரை வைத்திருந்த எமது உறவினர் ஒருவரிடம் நடந்ததைக் கூறினோம். அவர் கராஜிலே காட்டியபோது, அவருடைய காரின் புஷ்ஷிலும் நடுவே ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அவர் வீட்டிலே ஐந்து பிள்ளைகள்.

அக்கரையிலே

கராஜிலிருந்து வந்த மறுவாரம் நாம் மீண்டும் குருமண்வெளித் துறைக்குச் சென்றோம், இம்முறை பேருந்திலே. பாதையில் ஏறி நின்றபோது, பாதைக்காரர் செய்வதைக் கவனித்தோம். நீர் அசைவற்றுக் கண்ணாடிபோற் கிடந்தது, காற்றும் இல்லை. எனினும் பாதை கரையைத் தொட்டதும் அவர் முதலிலே கயிற்றை எடுத்துக் குற்றியிலே சுற்றிக் கட்டி, இழுத்துப் பார்த்து, அதன் பின்னரே சனங்களை இறங்க விட்டார். அக்கரையிலும் அவ்வாறே. நாள்தோறும் எத்தனை தடவை கட்டுவாரோ நாம் எண்ணவில்லை.

இளைஞரின் வீட்டைக் கேட்டறிந்து சென்றோம். அவருடைய தாயார் முற்றத்திலே பாய் விரித்துத் தேநீர் தந்தார். உடைந்த துண்டுகளை எடுத்து அவர் கையிலே வைத்து, "தம்பி, பிழை உம்முடையது அன்று, எம்முடையது. அத்தனை பேர் முன்னிலையிலே உம்மை ஏசினோம், மன்னித்துக்கொள்ளும்" என்றோம். அவர் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் முந்தியே சொன்ன நான்தானே ஐயா, கோல் ஆடுது எண்டு" என்றார். அவ்வளவே, வேறொன்றும் சொல்லவில்லை. எமக்கும் வேறு சொல் வேண்டியிருக்கவில்லை. வாயிலில் நின்ற அவருடைய தாயார்தாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகன் கவனமில்லாதவன் என்ற சொல் அந்த ஊரிலும் பரவியிருந்ததாம்.

அவர் மீண்டும் எம்மிடம் வந்து ஓராண்டு பணி செய்தார். இப்போது வெளிநாடு ஒன்றிலே பெரிய வாகனம் ஓட்டுகின்றார். எமது காரிலே அந்த மீனவர் கொடுத்த தென்னங்குற்றியினின்று வெட்டிய ஒரு முக்கோணக் கட்டை எந்நேரமும் இருக்கின்றது. தாயாருக்கு இப்போது கண் சற்று மங்கல். ஆயினும் கார் எங்கே நின்றாலும் அவர் கேட்கும் முதற் கேள்வி மாறவில்லை: "மகன், கட்டை வச்சாச்சா?"

வைத்தாயிற்று என்று நாம் சொன்ன பின்னர்தான் அவர் மடியிலிருந்து தட்டத்தை எடுக்கின்றார்.